சரிவில் வெட்டிய கிளைகள்

ஆற்றங்கரை
21 பிப்ரவரி 2004

அக்காவுக்கு,

பத்து மரங்களின் கிளைகளும் இத்தோடு வரும் இந்த அட்டைக் குழாயில் இருக்கின்றன. ஐந்து ஏரிக்கரையில் வெட்டியவை, ஐந்து ஸ்கியெர்ரி மலைச் சரிவில் வெட்டியவை. எல்லாம் நீ சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போன அதே பிர்ச் மரங்கள். ஏழாம் மரத்தின் துணியை மான் தின்றுவிட்டது. மரம் இருக்கிறது. எந்தக் கிளை எந்த மரத்தது என்ற சீட்டுகளைப் பென்சிலால்தான் எழுதினேன்.

இந்த முறை கிளைகளில் ஒட்டியிருக்கும் உன் அந்துப்பூச்சி முட்டைகள் வழியில் பொரிக்காது. ஒரு தடவை குழாயைச் சமையலறையில் வைத்துவிட்டேன், நீ திறந்தபோது உள்ளே புழு ஊர்ந்தது. அதற்கு நீ எழுதிய கடிதத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். "எக்காரணம் கொண்டும் சூடான இடத்துக்குள் கொண்டுபோகாதே." சித்தப்பா வீட்டு அந்தே காபி குடிக்க வரும்போதெல்லாம் அதைப் படித்துவிட்டு, "உங்க அக்கா கிளையச் சொல்றாங்களா, உன்னயச் சொல்றாங்களா?" என்று கேட்கிறான்.

வியாழக்கிழமை சரிவு வேலையை முடித்து இறங்கும்போது ஸ்னோமொபைலின் பெல்ட் அறுந்துவிட்டது. ஏரிக்கரைக் குடிலில் தங்கினேன். பள்ளத்தில் அப்படியொரு குளிர். அடுப்பு கனன்ற பிறகும் தொப்பியைக் கழற்றவில்லை. நாயை உள்ளே விட்டேன். உன் குழாயை விடவில்லை, வெளியே சறுக்குவண்டியிலேயே கிடந்தது. திருப்திதானே?

ஜனவரியில் மழை பெய்ததல்லவா, அந்த நீர் உறைந்து பனிக்கு அடியில் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. நம் மந்தை மான்கள் குளம்பால் தோண்டியும் அடியில் மேயக் கிடக்கும் பாசி எட்டாமல் நிற்கின்றன. மேய்ப்பர் கூட்டுறவின் மார்ச் கூட்டத்தில் ஒரே கேள்விதான் இருக்கும்: கோடையில் புழு வருமா? வருமென்றால் ஸ்கியெர்ரியைக் காலியாக விட்டுவிட்டு மந்தையை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். அது அந்தே குடும்பத்தின் மேய்ச்சல் நிலம். அனுமதியை அந்தக் கூட்டத்தில்தான் கேட்க முடியும். எனக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்கவில்லை. அடுத்தவன் நிலத்தில் நம் மான் கடைசியாகத்தான் மேயும். ஆனால் நீ சொல்வதுதான் முடிவு. சீக்கிரம் எழுது.

ஓவ்லா


துறைமுகத் தெரு 14
11 மார்ச் 2004

அன்புள்ள ஓவ்லா,

குழாய் சேதமில்லாமல் வந்தது. மொத்தம் 431 முட்டைகள். சரிவு மரங்களில் 230, ஏரிக்கரை மரங்களில் 201. பன்னிரண்டு நாட்கள் சூட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. உயிருள்ள முட்டை செம்பு நிறத்துக்கு மாறும். இவை எல்லாம் குழிந்து சுருங்கிக் கிடக்கின்றன.

மைனஸ் முப்பத்தாறு வரை அந்த முட்டை தாங்கும். அதற்குக் கீழே உள்ளிருக்கும் நீர் உறைந்து செத்துவிடும். குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால் ஏரிக்கரை முட்டைகள் சாவது வழக்கம். சரிவில் உள்ளவை செத்திருப்பது நாம் எண்ணத் தொடங்கிய பதினோரு வருடங்களில் இதுவே முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. மலையில் வைத்திருக்கும் வெப்பப் பதிவுக் கருவிகள் ஆகஸ்டில்தான் கைக்கு வரும். அதற்குள் உங்கள் கூட்டம் முடிந்துவிடும்.

எண்ணியது எண்ணியதுதான். கூட்டத்தில் சொல்: இந்தக் கோடையில் ஸ்கியெர்ரியில் புழு வராது. மந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தலைவருக்கும் தனியாக ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே துறைமுகம் இன்னும் உறைந்திருக்கிறது. பனி உடைக்கும் கப்பல் தினமும் காலையில் போய்விட்டு மாலையில் திரும்பி வருகிறது. அதைத் தவிர ஜன்னலில் பார்க்க வேறொன்றும் இல்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உலர்ந்த இறைச்சியும் காபியும் சாப்பாட்டில் சேராது.

ரிஸ்தென்


ஆற்றங்கரை
24 ஜூன் 2004

அக்காவுக்கு,

புழு வந்துவிட்டது.

மூன்று நாட்களாகச் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன். முதலில் தென்சரிவில் பழுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. மேக நிழல் என்று நினைத்தேன். மேகம் நகர்ந்தது, திட்டு நகரவில்லை. இன்று உள்ளே போய்ப் பார்த்தேன். இலை என்று ஒன்று கிடையாது, நரம்புகள்தான் தொங்குகின்றன. மரத்துக்கு மரம் நூல் கட்டித் தொங்குகின்றன பச்சைப் புழுக்கள். முகத்தில், கழுத்தில், காபிக் கோப்பையில் எல்லாம் புழு. அசையாமல் நின்றால் தூறல் விழுகிற சத்தம் கேட்கிறது. வானம் தெளிவாக இருக்கிறது. அது புழுக்களின் எச்சம் விழுகிற சத்தம்.

ஏரிக்கரை மரங்கள் மட்டும் பச்சையாக நிற்கின்றன, சட்டைக்கு ஓரம் தைத்த மாதிரி.

அந்தே வந்து பார்த்தான். திரும்பும்போது, "படிச்சவங்க எழுதினத புழு படிக்கல போல" என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். நான் சிரிக்கவில்லை.

ஓவ்லா


துறைமுகத் தெரு 14
2 ஜூலை 2004

ஓவ்லா,

உன் கடிதம் வந்து இரண்டு நாட்களாகின்றன. எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. நான் தவறியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பேன். இருபது புழுக்களை ஆல்கஹாலில் போட்டு அனுப்பு. வேறு இனமாக இருக்கலாம்.

அதைவிட அவசரமான ஒன்று. இலை போன மரம் இந்த மாதம் அடித்தூரிலிருந்து புதுத் தளிர் விடும். அந்தத் தளிரை வைத்துத்தான் அது பிழைக்கும். மான்கள் அதைத் தின்றுவிட்டால் மரம் மறுபடி விடாது. 1965-இல் ஆற்றுக்கு மேற்கே ஒரு காடே அப்படித்தான் போனது, இன்றும் அங்கே கட்டைகள்தான் நிற்கின்றன. எப்படியாவது மந்தையைச் சரிவிலிருந்து இறக்கு.

ரிஸ்தென்


ஆற்றங்கரை
20 ஜூலை 2004

அக்கா,

புழுக்கள் இந்தச் சிறிய புட்டியில் இருக்கின்றன. வேறு இனம் இல்லை. நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியும். உன் பூதக்கண்ணாடியும் அதையே சொல்லும்.

மந்தையை எங்கே இறக்கச் சொல்கிறாய்? முந்நூற்றுப் பத்து மான்களையும் சமையலறையிலா கட்டுவது? மார்ச்சில் கேட்டிருந்தால் நிலம் தந்திருப்பார்கள், அது கூட்டத்தின் பேச்சு. ஜூலையில் கேட்டால் அது பிச்சை. இருந்தாலும் அந்தேயிடம் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, அவன் மான்களுக்கே இந்த வருடம் போதவில்லை என்றான். அது உண்மைதான். மான்கள் சரிவிலேயே நிற்கின்றன. தளிர் விட விட, கீரை மாதிரி தின்கின்றன.

குட்டிகள் யாருடையவை என்று காட்டும் காதுக்குறி வெட்டி முடித்தோம். கொசு இந்த வருடம் பத்து நாள் முன்னதாகவே எழும்பிவிட்டது. கொசு எழும்பினால் மான்கள் தாமாகவே ஒன்றாகக் கூடும், அதை வைத்துத்தான் நாங்கள் வேலிக்குள் ஓட்டுகிறோம். ஒன்பது வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஒருவன் கயிறு வீச, ஒருவன் அமுக்க, ஒருவன் வெட்ட, இரண்டே நாளில் எண்பத்து நான்கு குட்டிகள். வேலை செய்யும்போது யாரும் மலையை அண்ணாந்து பார்க்கவில்லை.

பூச்சி பிடிக்க நீ வைத்துவிட்டுப் போன மஞ்சள் கிண்ணங்களில் சிலந்திகள் நிறைய விழுகின்றன. ஒன்று கவனித்தேன். ஜூன் தொடக்கத்திலேயே வெள்ளைப் பையை வயிற்றில் ஒட்டிக்கொண்டு கல்மேல் வெயில் காய்ந்த தாய்ச் சிலந்திகள், குஞ்சுகளை இறக்கிவிட்டு இப்போது மறுபடியும் பை கட்டியிருக்கின்றன. ஒரே கோடையில் இரண்டு பேறு. முன்பு இப்படிப் பார்த்ததில்லை. உனக்குப் பயன்படுமென்றால் எழுதிக்கொள்.

ஓவ்லா


துறைமுகத் தெரு 14
3 அக்டோபர் 2004

ஓவ்லா,

பதிவுக் கருவிகளை மாணவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். போன குளிர்காலத்தில் ஏரிக்கரையின் மிகக் குறைந்த வெப்பம் மைனஸ் 39.4. சரிவில் மைனஸ் 28.7. அதற்குக் கீழே ஒரு மணி நேரம்கூடப் போகவில்லை.

ஆகவே சரிவில் இருந்த முட்டைகள் செத்திருக்க முடியாது. சாகவில்லை என்பதை ஜூனில் எல்லாரும் பார்த்தோம். ஆனால் 'சரிவு' என்று நீ எழுதி அனுப்பிய கிளைகளில் 230 முட்டைகளும் செத்திருந்தன. முட்டைகளின் எண்ணிக்கையும் ஏரிக்கரை எண்ணிக்கைக்கு மிக அருகில் இருக்கிறது. இதற்கு ஒரு விளக்கம்தான் இருக்கிறது. பத்துக் கிளைகளும் ஏரிக்கரையில் வெட்டப்பட்டவை.

பனி கெட்டுக் கிடந்தது, மலை ஏற முடியவில்லை என்றால் அதை எழுதியிருக்கலாம். நான் திட்டியிருப்பேன், அவ்வளவுதான். அடுத்தவர் நிலத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

டிசம்பரில் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு முன் உன் பதில் வேண்டும்.

ரிஸ்தென்


ஆற்றங்கரை
6 நவம்பர் 2004

துணி கட்டிய மரத்தில் வெட்டினேன். துணி இல்லாத மரத்தையும் எனக்குத் தெரியும், அதிலும் வெட்டினேன்.

வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

ஓவ்லா


துறைமுகத் தெரு 14
8 பிப்ரவரி 2005

ஓவ்லா,

அறிக்கையின் படி ஒன்று கூட்டுறவுக்குப் போயிருக்கிறது. உன் பெயரை எழுதவில்லை. 'மாதிரிகள் குறிக்கப்பட்ட இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

இந்த வருடத்துக்கான குழாயை இதோடு அனுப்புகிறேன். உனக்கு விருப்பமிருந்தால்.

சிலந்திகளைப் பற்றி நீ எழுதியது சரிதான். ஜூலைக் கிண்ணங்களில் விழுந்த தாய்களில் பாதிக்கு மேல் இரண்டாம் பை இருந்திருக்கிறது. கோடை நீண்டிருக்கிறது என்பதற்கு வெப்பமானியைவிட நல்ல சாட்சி அது. இந்தப் பகுதியில் இதை முதலில் கவனித்தவன் நீ என்று குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

ரிஸ்தென்


ஆற்றங்கரை
19 மார்ச் 2005

அக்கா,

குழாயைத் திருப்பி அனுப்புகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை, தேடாதே.

நீ பெயர் எழுதவில்லை என்கிறாய். இந்த ஆற்றங்கரையில் உனக்குக் கிளை வெட்டுகிறவர்கள் எத்தனை பேர்? தலைவர் கூட்டத்தில் அந்த வரியை முதலில் ஃபின்னிஷில் வாசித்தார், பிறகு நம் மொழியில் சொன்னார். நம் மொழியில் அது இன்னும் குட்டையாக இருந்தது. "வேற எடத்துல வெட்டியிருக்கு." அவ்வளவுதான். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அறையே திரும்பாமல் உட்கார்ந்திருந்ததால் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "அடுத்தவன் நெலத்துக்குப் போகாம அவன் தப்பிச்சுக்கிட்டான். நம்ம எல்லாரோட மலையும் போச்சு." யாருடைய குரல் என்று எழுத மாட்டேன். உனக்கும் பழக்கமான குரல்தான்.

சிலந்தி விஷயத்தில் என்னை நம்பினாயாம். சந்தோஷம். கிளைகளுக்கும் எட்டுக் கால் இருந்திருந்தால் அந்த விஷயத்திலும் நம்பியிருப்பாய்.

ஓவ்லா


துறைமுகத் தெரு 14
14 ஆகஸ்ட் 2005

ஓவ்லா,

அந்தே போன் செய்தான். ஏன் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது. வானிலையைப் பற்றிப் பேசினான். பிறகு, "அவன் தனியாத்தான் காது வெட்டினான், பதினொண்ணுதான் முடிஞ்சுது" என்றான். ஏன் யாரும் போகவில்லை என்று கேட்டேன். "அவனும் கூப்பிடல, நாங்களும் போகல" என்றான்.

இலையுதிர்காலத்தில் குறியில்லாமல் பிடிபடுகிற குட்டிகள் கூட்டுறவுக்குப் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். இன்னொரு வருடம் இப்படிப் போனால் உன்னிடம் மந்தை என்று ஒன்று இருக்காது.

நான் வந்து உதவட்டுமா? கயிறு வீச மறந்திருக்காது.

ரிஸ்தென்


துறைமுகத் தெரு 14
27 நவம்பர் 2005

அன்புள்ள ஓவ்லா,

ஆகஸ்ட் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. இதற்கும் எழுத வேண்டியதில்லை. ஆனால் முழுவதும் படி.

உறைபெட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி பழைய குழாய்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். உன்னுடைய 2004 குழாயும் அதில் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, அதை வாங்கி மேசைக்குக் கொண்டுபோனேன். கிளைகளின் வெட்டிய முனையைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

பத்து வருடம் முன்பு ஸ்கியெர்ரிச் சரிவில் சின்னதாக ஒரு புழுத் தாக்குதல் நடந்தது, நினைவிருக்கும். இலை இல்லாத வருடத்தில் மரம் வளராது. அந்த ஆண்டின் வளையம் மயிரிழையாக நின்றுவிடும். ஏரிக்கரை மரங்களை அப்போது புழு தொடவில்லை. நீ 'சரிவு' என்று எழுதிய ஐந்து கிளைகளிலும் அந்த மயிரிழை வளையம் இருக்கிறது. 'ஏரிக்கரை' என்று எழுதிய ஐந்திலும் இல்லை.

நீ சொன்ன இடத்தில்தான் வெட்டினாய்.

அப்படியானால் முட்டைகள் எப்படிச் செத்தன? சரிவில் சாகவில்லை. இங்கே வந்து சாகவில்லை. வழியில் செத்திருக்க வேண்டும். உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்தேன். அதைச் சீட்டுகளோடு கோப்பில் போட்டுவிட்டேன், முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும்தான் படித்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. பெல்ட் அறுந்தது, குடிலில் தங்கினாய், குழாயைச் சறுக்குவண்டியில் விட்டாய். வியாழக்கிழமை என்றால் பிப்ரவரி பத்தொன்பது. ஏரிக்கரைக் கருவியில் அந்த இரவின் எண்ணைப் பார்த்தேன். மைனஸ் 39.4. அந்தக் குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த இரவு அதுதான்.

சரிவில் இருந்திருந்தால் அந்த முட்டைகள் உயிரோடு இருந்திருக்கும். நீ அவற்றைப் பள்ளத்துக்குக் கொண்டுவந்து வெளியே வைத்தாய். ஏன் வைத்தாய் என்றால், சூடான இடத்துக்குள் கொண்டுபோகாதே என்று நான் எழுதியிருந்தேன். குளிரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எவ்வளவு குளிர் ஆகாது என்பது எனக்குத்தான் தெரியும், உனக்கு எப்படித் தெரியும்?

ஒரு விளக்கம்தான் இருக்கிறது என்று எழுதியவள் நான். மாணவர் யாராவது அப்படி எழுதினால் சிவப்பு மையில் கோடு போடுவேன்.

ரிஸ்தென்


ஆற்றங்கரை
10 ஜனவரி 2006

அக்கா,

முழுவதும் படித்தேன். வளையம், வியாழக்கிழமை எல்லாம். பெல்ட் அறுந்ததை உனக்கு எழுதினேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. குழாயை வெளியே விட்டது உன் பிழையா என் பிழையா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம்.

போன மார்ச் கூட்டம் முடிந்தபோது அந்தே வாசலில் என் கையைப் பிடித்தான். "ஏண்டா வாயத் தொறக்கல? இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்ல" என்றான். கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்.

நான் பொய் சொன்னேன் என்று ஊர் நம்பியது எனக்குப் பெரிதில்லை. மான் வைத்திருப்பவர்கள் மேய்ச்சல் என்று வந்தால் யாரையும் சந்தேகிப்பார்கள். நானும் பலரைச் சந்தேகித்திருக்கிறேன். நீ நம்பினாய். பதினோரு வருடம் உனக்குக் கிளை வெட்டியிருக்கிறேன். ஒரு வருடம் காய்ச்சலோடு வெட்டினேன். அம்மாவை அடக்கம் செய்த வாரமும் வெட்டினேன். நீ என்னிடம் 'ஓவ்லா, என்னடா நடந்தது' என்று கேட்கவில்லை. டிசம்பருக்குள் பதில் வேண்டும் என்று கேட்டாய்.

ஒரு வருடமாக ரேடியோவோடுதான் பேசுகிறேன். அது திருப்பிக் கேள்வி கேட்பதில்லை, அதனால் ஒத்துப்போகிறது.

ஓவ்லா


துறைமுகத் தெரு 14
30 மார்ச் 2006

அன்புள்ள ஓவ்லா,

திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளைகளைச் சேகரித்தவர் குறித்த இடத்திலேயே, கொடுத்த அறிவுரையின்படியே சேகரித்தார், அறிவுரைதான் குறைபாடானது, அதை எழுதியவர் இன்னார் என்று என் பெயரைப் போட்டிருக்கிறேன். இந்த முறை பெயர் எழுதியிருக்கிறேன். கூட்டுறவுக்கு ஒரு படி போயிருக்கிறது. வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாசிப்பார்களா என்று தெரியாது.

ஏன் நம்பினேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். பிழை என்னுடையது என்றால், குழாய் வழியில் எங்கெங்கே கிடந்தது என்று பதினோரு வருடத்துக்கும் தெரியாது. எத்தனை முட்டை பொரித்தது என்று நான் வைத்திருக்கும் எண்கள் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவையாகிவிடும். பொய் உன்னுடையது என்றால் ஒரே ஒரு வருடம்தான் போகும். அப்படித் தராசில் வைத்துப் பார்த்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆனால் வைத்திருக்கிறேன். எதையும் இரண்டு முறை சந்தேகிப்பவள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. எதைச் சந்தேகிப்பது என்று நானாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண்களை இப்போது பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மிச்சமிருப்பது முட்டைகளின் எண்ணிக்கையும் உன் சிலந்திகளும்தான். ஆய்வுத் துறையின் மதியச் சாப்பாட்டு மேசையில் என்னைச் சுற்றி முன்னைவிட அதிக இடம் இருக்கிறது.

'என்னடா நடந்தது' என்று இப்போது கேட்டால் காலம் கடந்துவிட்டது. கேட்டிருக்க வேண்டும்.

ரிஸ்தென்


ஆற்றங்கரை
16 ஜூலை 2006

அக்காவுக்கு,

உன் திருத்தத்தை ஏப்ரல் கூட்டத்தில் தலைவர் வாசித்தார். போன வருடம் வாசித்த அதே குரல், அதே வேகம். முடித்ததும் தாளை மடித்து வைத்தார். ஒருவர் காபி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு வேலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஸ்கியெர்ரியைச் சுற்றி வேலி போட்டு இருபது வருடம் மான் நுழையாமல் வைப்பது. கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். மேல்பாதி எப்படியும் பிழைக்காது. கீழே சில தூர்களில் இன்னும் தளிர் வருகிறது, விரல் நீளம். இருபது வருடத்தில் எனக்கு அறுபத்து நான்கு ஆகும். யாராவது பார்ப்பார்கள்.

எங்கள் மந்தை இப்போது ஆற்றுக்கு அப்பால் மேய்கிறது. கடைசியாகத்தான் மேய்கிறது, நான் சொன்ன மாதிரியே.

எட்டாம் தேதி வெயில் ஏறியது, கொசு எழும்பியது. முன்பெல்லாம் மான்கள் மலையுச்சியில் மிஞ்சிய பனித்திட்டில் போய் நிற்கும். இந்த வருடம் எங்கும் பனித்திட்டே இல்லை. ஆற்று மணலில் வந்து கூடின. நானும் நாயுமாக வேலிக்குள் ஓட்டி, வாசலைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தே வந்தான். "கயிறு எங்கடா?" என்றான். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் தலைவரின் மகள் வந்தாள், பிறகு மேல்கரை அண்ணன் தம்பி இரண்டு பேரும், கடைசியில் இன்னும் இரண்டு பேரும். மொத்தம் ஆறு பேர். ஒன்பது வீட்டிலிருந்து ஆறு பேர். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்தப் பக்கம் பார்ப்பதென்று எனக்குத் தெரிந்திருக்காது. அறுபத்தெட்டுக் குட்டிகளுக்கும் வெட்டி முடித்தோம்.

இன்னொன்று. நீ கடைசியாகக் காது வெட்ட வந்த வருடம் உன் குறி போட்ட ஒரு பெட்டைக்குட்டி இருந்தது. இப்போது பன்னிரண்டு வயதுக் கிழவி. மூன்று வருடமாக ஈனவில்லை. இறைச்சிக்கு அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. இந்த வசந்தத்தில் ஈன்றிருக்கிறது. குட்டி அதன் வாலைப் பிடித்த மாதிரி பின்னாலேயே ஓடியது. பிடித்து அமுக்கிக் கத்தியை எடுத்தேன். எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் குறிடா?" என்று அந்தே கேட்டான்.

அவனுக்குத் தெரியும். தாயின் காதைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் கேட்டான்.

"எங்க அக்காவோடது" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

தாய் யாருடையதோ குட்டியும் அவருடையது. அது விதி. அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. நீ மார்ச்சில் எழுதியதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

வெட்டிய காதுத்துண்டுகளை எண்ணிக்கைக்காகப் பையில் போட்டுக்கொள்வோம், உனக்கு நினைவிருக்கும். உன்னுடையது ஒன்றே ஒன்று. பையில் கிடந்தால் என்னுடையவற்றோடு கலந்துவிடும். அதனால் அதை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

ஓவ்லா